இன்னும் கொஞ்சம் கிட்ட

மேம்பாலத்தின் இடிபாடுகளில் கிடைத்த கேமராவில் பதினோரு நிமிடப் படம் இருந்தது. நகரத்தை மிதித்துப்போன மிருகத்தை அவ்வளவு அருகில் வேறு யாரும் எடுக்கவில்லை. காவல் நிலையக் கணினியில் படத்தை ஓட்டிய அதிகாரிகள் மிருகத்தின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் எட்வினின் மனைவி செலின் மட்டும் புருஷனைத் தேடினாள். கேமராவைப் பிடித்திருப்பவன் படத்தில் எப்படி வருவான்? அவனுடைய மூச்சிரைப்பும் ஓடுகிற செருப்பும்தான் வந்தன. கடைசியில் மிருகத்தின் கண் திரை முழுக்க நிறைந்தது.

“நிறுத்துங்க சார். கொஞ்சம் பின்னால போங்க.”

ஈரமான அந்தக் கண்ணுக்குள் எட்வின் விரலளவு உயரத்தில் நின்றிருந்தான். மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னாள். ஏழாவது முறை அவனுடைய இடது கை உயர்வது தெரிந்தது.

“தள்ளிப் போன்னு விரட்டுறாராம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடையில் விலகி நிற்கும் சொந்தக்காரர்களை ஃபிரேமுக்குள் கொண்டுவர இருபது வருடமாக அவன் அசைத்த கை அது. விரல்கள் உள்பக்கமாக மடங்கின.

“இல்ல சார். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கன்னு கூப்பிடுறாரு.”

படத்தில் இன்னும் மூன்று வினாடிகள் மிச்சமிருந்தன. இன்ஸ்பெக்டர் ஓட்டப் போனார். செலின் மவுஸை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.