எது சுலபமாகக் கழலும்?

வேங்கிக்கால் கிளினிக்கில், மஸ்தான் பாயின் மனைவி சுல்தானாவுக்குக் கீழ்த்தாடையில் செயற்கைப் பல்வேராக இரண்டு இம்ப்ளான்ட் பதித்தாகிவிட்டது. அவற்றின்மேல் பல்செட்டைப் பொருத்தும் வகைகளை டாக்டர் அருணாதேவி மாதிரிகளோடு விளக்கினாள்.

“பட்டன் நல்லா பிடிக்கும். கம்பியும் கிளிப்பும் இன்னும் இறுக்கம். காந்தத்துல பிடிப்பு கம்மி.”

“கழட்டுறதுக்கு எதும்மா சுலபம்?” என்றார் மஸ்தான்.

“காந்தம்தான். ஆனா எல்லாரும் இறுக்கமானதைத்தான் கேப்பாங்க.”

“இவளுக்கு முடக்குவாதம். விரல் சரியா மடங்காது.”

“நீங்க கழட்டிக் கழுவிக் கொடுக்கலாமே?”

“கொடுப்பேன். நான் பக்கத்துல இல்லாமப் போனா?”

அருணாதேவி கையிலிருந்த மாதிரியைக் கீழே வைத்தாள். எழுபது வயது மனிதர், என்ன நோயை மறைக்கிறாரோ?

“அப்படிப் பேசாதீங்க பாய். உடம்புக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா” என்று சிரித்தார் மஸ்தான். “போறது இவதான். அக்காங்களோட ஹஜ்ஜுக்கு, நாப்பது நாள். நான் எப்பவோ போயிட்டு வந்துட்டேன்.”

“அக்காங்க தலை வாரி விடுவாங்க, சோறு பிசைஞ்சு கொடுப்பாங்க. பல்லை மட்டும் யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்” என்றார் சுல்தானா.

பிறகு காந்தம் வைத்த மாதிரிப் பல்செட்டை இரண்டு விரலால் மாதிரித் தாடைமேல் நகர்த்தி வைத்தார். அது தானாகவே இழுத்து ஒட்டிக்கொண்டது. கழட்டினார். மறுபடி வைத்தார்.

“இதையே போடும்மா” என்றார்.