கரித்துணி

வெல்டிங் பட்டறையில் இறந்துபோன கணவனோடு வேலை பார்த்த நண்பர்கள் மூவரும் வந்து உட்கார்ந்ததுமே, அவள் பீரோவைத் திறந்து அவருடைய சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

“ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கங்கண்ணா. மனுஷன் சட்டைப் பைத்தியம். நாளுக்கு ஒரு சட்டையில வந்து நிப்பார். எப்ப வாங்கினீங்கன்னு கேட்டா சிரிச்சே மழுப்பிடுவார்.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் மூத்தவரைப் பிடித்துக்கொண்டாள். “முதல்ல அந்தக் கந்தலைக் கழட்டுங்கண்ணா. காலரெல்லாம் நார்நாராக் கிழிஞ்சிருக்கு. அண்ணி எப்படித்தான் இதோட உங்கள வெளிய விட்டாங்களோ!”

அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை. உள்ளே போய் ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“பாத்தீங்களா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!” என்றவள், அவர் கழற்றிய சட்டையை வாங்கி டர்ரென்று நாலாகக் கிழித்து, அடுப்படியில் கரித்துணிகளோடு போட்டுவிட்டு வந்தாள்.

“அளவெடுத்துத் தைச்சதுதான் தங்கச்சி” என்றார் அவர் மெதுவாக. “பட்டறையில எல்லாரும் சட்டையை ஒரே கொடியில கழட்டிப் போடுவோம். வேலை முடிஞ்சா கைக்கு வந்ததை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம். இந்த நீலம் என்னோடது. மத்தது இவங்க ரெண்டு பேரோடது.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ, அவரோட சட்டையெல்லாம்?”

“எங்க உடம்புல உழைச்சே தேஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.” மூத்தவரின் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. “உங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் இன்னிக்குப் போட்டுக்கிட்டு வந்தேன்.”