எட்டு நொடி

பனியன் கம்பெனியில் யாழினியின் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த சின்னத் திரை சிவந்தது. மேல்மாடிக் காப்பகத்தில் இருக்கும் அவளுடைய இரண்டு வயது மகன் இனியனின் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சென்சார் அனுப்பிய செய்தி அது. காய்ச்சல் நூற்றிரண்டு, வலிப்பு தொடங்கிவிட்டது. அடியில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

அவள் எழுந்தாள்.

"உக்காரு கண்ணு," என்றாள் சூப்பர்வைசர் வளர்மதி. "காய்ச்சல்ல வர்ற வலிப்பு தானா நின்னுரும்னு டாக்டரே சொல்லிருக்காரு. அஞ்சு நிமிசம் தாண்டுனாத்தான் லீவு. தாண்டுனா கதவு தானாத் தொறக்கும். மேல ஆயா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருப்பாங்க."

"முழிக்கறப்ப நான் இருந்தாப் போதுமுங்க்கா."

"எனக்குந்தான் புள்ள இருக்குது. நான் போனனா?"

யாழினி உட்கார்ந்தாள். கை பனியனைத் தைத்தது. கண் கடிகாரத்திலேயே இருந்தது. போன மாதம் வந்த வலிப்பு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. சாயங்காலம் போய்க் கையை நீட்டியபோது இனியன் அவளிடம் வரவில்லை; ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

நான்கு நிமிடம். நான்கரை.

இன்னுங் கொஞ்சம் தாங்கிக்கடா, நின்னுராத, அம்மா வந்தர்றேன்.

நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் கடிகாரம் நின்றது. திரை பச்சையானது.

"பாத்தியா, நின்னுருச்சு," என்றாள் வளர்மதி.

எட்டே நொடியில் போச்சே என்றுதான் யாழினிக்கு முதலில் தோன்றியது. பிள்ளை தேறிவிட்டான் என்பது அதற்குப் பிறகுதான்.