மூன்றும் நான்கும்

வண்டி குலுங்கியது. ஒருமுறை படாரென்று வெடித்தது. மறுபடி திணறியது.

மணி ஒன்பது பத்து.

பத்து மணிக்கு அவள் டிரைவிங் ஸ்கூலில் இருக்க வேண்டும். பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டுமாம். சொந்த வண்டியில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். இன்று விட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

மாடி ஜன்னலிலிருந்து கணவனின் குரல் வந்தது.

"மிஸ்ஸிங் அடிக்குதா? விடு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

குரல் மட்டும்தான் வந்தது. ஆள் வரவில்லை.

தெருவில் யார் வண்டி இருமினாலும் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுகிற மெக்கானிக் அவன்.

அவள் என்ஜினை அணைக்கவில்லை. பானெட்டைத் திறந்தாள். காய்ந்த துணியை நான்காக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பதினொரு வருடமாக அவனுக்கு டார்ச் பிடித்தவள். இங்கே காட்டு, ஆட்டாதே என்பதைத் தவிர அவன் எதையும் சொல்லித்தந்ததில்லை. டார்ச் பிடிக்கிறவளுக்குக் கண் இருக்காது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றினாள். என்ஜின் நின்றுபோகப் பார்த்தது. சட்டென்று மாட்டினாள். அது வேலை செய்கிறது.

இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதைக் கழற்றினாள். சத்தத்தில் மாற்றமே இல்லை.

நான்காவதிலும் இல்லை. இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

என்ஜினை அணைத்தாள். ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே மறுமுனை வரை போனாள்.

மூன்றுக்குப் போக வேண்டியது நான்கில் இருந்தது. நான்குக்குப் போக வேண்டியது மூன்றில்.

நேற்றுச் சாயங்காலம் அரைமணி நேரம் இதே பானெட்டுக்குள் குனிந்து நின்றான். நல்லா செக் பண்ணி வெச்சிருக்கேன், பயப்படாம போ என்றான். அவள் சந்தோஷத்தில் காப்பியைத் திக்காகப் போட்டுக் கொடுத்தாள்.

கைதவறி மாற்றி மாட்டியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

ஆனால் எந்த வேலை முடிந்தாலும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பானெட்டை மூடுவான். நேற்று ஸ்டார்ட் செய்யவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒயர் முனைகள் கடைசிவரை அழுத்தப்பட்டிருந்தன. ஒயர்கள் கிளிப்புக்குள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. தூசிகூடத் துடைத்திருந்தான்.

கெடுக்கிற வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய அவனுக்குக் கை வராது.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டையும் இடம் மாற்றி மாட்டினாள். கிளிப்பில் செருகினாள். ஸ்டார்ட் செய்தாள்.

நான்கு சிலிண்டரும் சீராக ஓடின.

மணி ஒன்பது முப்பத்தைந்து. இப்போதே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போக முடியும்.

அவள் கிளம்பவில்லை. மாடியை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. என்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எந்த வண்டிக்கு என்ன குறை என்று, படுத்த இடத்திலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறவன் அவன்.

முழுதாக ஒரு நிமிடம் கேட்கட்டும்.

மேலே ஜன்னல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் கியரைப் போட்டாள்.