யூதாஸ் வீடு

ஏசு பீர்க் குவளையை மேசைமேல் ஓங்கி வைத்தார். தாடியில் நுரை ஒட்டியிருந்தது.

"நான் என்ன யூதனா?" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து ஊர் ஆண்கள் எல்லாம் வழக்கம்போல மதுவிடுதியில்தான் இருந்தோம். ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கும் எங்கள் மலையூரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, ஏசு பாடுபட்டு இறந்த கதையைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். அதற்காகப் போன வருஷம் ஈஸ்டர் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து யாரும் முடி வெட்டவில்லை, சவரம் செய்யவில்லை. தபால்காரர் யார், பால்காரர் யார் என்று தெரியாத அளவுக்கு எல்லார் மூஞ்சியிலும் புதர் மண்டியிருந்தது. ரோமானியச் சிப்பாய்கள் மட்டும் மழமழவென்று இருந்தார்கள்.

ஏசுவாகத் தேர்வானவன் தச்சன் கொர்பினியன். நீலக் கண், தங்க முடி. இதுவரை நடித்த ஏசுக்களின் படங்களை விடுதிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நடுநாயகமாக இருப்பவர் அவனுடைய தாத்தா. அதற்குப் பக்கத்தில் தன் படம் தொங்க வேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இருந்த ஒரே ஆசை. ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக நடித்தவர்களுக்குச் சுவரில் இடம் கிடையாது.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவர் புது இயக்குநர். ஏசு பிறப்பால் யூதர், வீட்டில் பேசியது அரமேயம், வேண்டிக்கொண்டது எபிரேயத்தில். ஆகவே கடைசி இராவுணவுக் காட்சியில் ரொட்டியைக் கையில் எடுத்து எபிரேயத்தில்தான் ஆசி சொல்ல வேண்டும் என்றார். முன்னூறு வருஷமாக எங்கள் ஊர் ஏசு எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசிவந்தார், யாரும் குறை சொன்னதில்லை. நடிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஒரே ஓட்டில் எபிரேயம் ஜெயித்தது.

அந்த ஓட்டு செவெரினுடையது. யூதாஸாக நடிப்பவன், கொர்பினியனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், 'என் ஓட்டு உனக்குத்தான்' என்று கையடித்துக் கொடுத்திருந்தவன். ஓட்டெடுப்புக்கு முதல் நாள்தான் மனம் மாறியிருக்கிறான். கொர்பினியனுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

எபிரேய உச்சரிப்பைச் சரிபார்க்க இயக்குநர் முன்கூட்டியே அழைத்திருந்த திர்சா அம்மா வெளிநாட்டிலிருந்து வந்ததும் அந்த முதல் நாள்தான். அறுபது வயது இருக்கும். எங்களோடு புத்தக ஜெர்மனில் அளந்து அளந்து பேசுவார். ஹோட்டலில் போட்டிருந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல் மாவு மில்லுக்குப் பின்னால் போகும் குறுக்குப் பாதையில் நடந்துபோய் செவெரின் வீட்டுக் கதவைத் தட்டினாராம். இயக்குநர் சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். இன்று விடுதிக்கும் அவனோடுதான் வந்திருந்தார்.

செவெரின் வீட்டுக்கு ஊரில் யூதாஸ் வீடு என்று பெயர். தாத்தா, அப்பா, இவன் மூவருமே யூதாஸ் வேடம் கட்டியவர்கள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது வேடத்தால் மட்டும் இல்லை. போர்க்காலத்தில் அந்தத் தாத்தா ஒரு யூதப் பெண்ணையும் அவளுடைய சின்ன மகளையும் நிலவறையில் ஒளித்துவைத்திருந்தார். போலீஸ் வந்து தாயைக் கொண்டுபோனது. மகள் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. தாத்தாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆனால் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று ஊர் முடிவுகட்டியது. அதன்பிறகு சாகும்வரை அவரோடு ஒருவரும் ஒரு குவளை பீர் குடித்ததில்லை.

கொர்பினியன் எழுந்து நின்றான். மறுபடி ஓட்டெடுக்க வேண்டும், எபிரேயம் போகாவிட்டால் தன் தாடி போகும் என்றான். தாடி போனால் வேடமும் போகும், சுவரில் படமும் போகும். அது அவனுக்கும் தெரியும். பிறகு செவெரின் பக்கம் திரும்பினான்.

"உன்னை நம்பித்தானேடா இருந்தேன். இப்பவாவது மாத்திப் போடு."

"முடியாதுடா. ஏன்னு கேக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், விட்டுடு."

"விடறதா? காட்டிக்கொடுக்கிறது உங்க வீட்டுல பரம்பரைத் தொழில். உன் தாத்தன் அந்தப் பொம்பளையை வித்தான், நீ என்னை வித்துட்டே." கொர்பினியன் சுவரைக் கைகாட்டினான். "என் தாத்தா மட்டும் இப்ப உயிரோட இருந்திருந்தா உன்னை இந்தக் கதவுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்."

செவெரின் தலைகுனிந்தான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திர்சா அம்மா எழுந்தார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தான் செவெரின். அவர் மெதுவாக விலக்கிவிட்டு, நடுவில் இருந்த படத்துக்குக் கீழே போய் நின்றார்.

பிறகு பேசினார். புத்தக ஜெர்மனில் இல்லை. அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

"அந்த நிலவறைக்கு ரோட்டைப் பாத்தாப்ல ஒரு குட்டி ஜன்னல் உண்டு. எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனப்ப நான் பீப்பாய்க்குப் பின்னால நின்னு அதுவழியாப் பாத்துட்டுதான் இருந்தேன். போலீசுக்கு முன்னால லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வழிகாட்டினார். அந்த முகம் எனக்கு இன்னிவரைக்கும் மறக்கல."

கொர்பினியன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"செவெரினோட தாத்தாதானே?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லப்பா. யூதாஸ் எங்களை ஒளிச்சுவெச்சார். காட்டிக்கொடுத்தது ஏசு."