பெயர் போடாத செய்தி

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் கலைமணி தான் எழுதிய செய்தியை நான்காவது முறையாகப் படிக்கிறாள். காலை வெயில் பேப்பரைச் சுடுகிறது. ஷிப்டு பஸ்கள் திரும்பும்போதெல்லாம் கிளாசில் டீ நடுங்குகிறது. 'தனியார் தொழிற்சாலையில் இளம்பெண்ணின் விரல்கள் துண்டிப்பு.' அவள் அனுப்பியதில் கம்பெனியின் பெயர் இருந்தது. அலுவலகத்தில் எடுத்துவிட்டார்கள். அதே பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க அந்தக் கம்பெனியின் ஆண்டுவிழா விளம்பரம். அதில் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. எதிரே ஷாரோன், வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். "இன்னாக்கா, இந்த ரோட்டுல கீற கம்பெனி எல்லாமே தனியார்தான? மிஷின்ல போன விரல, ஹாஸ்டல் கதவுல நசுங்கிச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி கம்பெனில கேக்குறாங்க. பேப்பர்ல பேரு வந்தா அடங்குவாங்கன்னு நீதான சொன்ன?" கலைமணிக்குக் காது எரிகிறது. ஆசிரியருக்குப் போன் போடுகிறாள். "விளம்பரத்துக்கு மேலயே எப்படிம்மா பேர் போடறது?" என்று அவர் சிரிக்கிறார். அவள் போனை வைத்துவிட்டுப் பேனாவைத் திறக்கிறாள். 'தனியார்' என்ற சொல்லை அடிக்கிற வேகத்தில் தாள் கிழிகிறது. அதன்மேல் கம்பெனியின் பெயரை முழுதாக எழுதுகிறாள். 'நமது நிருபர்' என்றிருக்கும் இடத்தில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதுகிறாள். "லேபர் ஆபீசுல இதக் குடு. விசாரிச்சு எழுதினது நான்னு சொல்லு." ஷாரோன் மிரள்கிறாள். "உன் வேல பூடும்க்கா." கலைமணி திறந்த பேனாவோடு கடைக்காரர் பக்கம் திரும்புகிறாள். "அண்ணே, விக்காத பேப்பர் எத்தினி கீது? எல்லாத்தையும் இப்படிக் குடுங்க."