கீழ் ட்ரே

'கெட்டி அட்டையைக் கீழ் ட்ரேயில் போடக்கூடாது. ஜாம் ஆகும்.'

பிரிண்டிங் மெஷினின் கீழ் ட்ரேயில் இந்தச் சீட்டை ஒட்டி இரண்டு மாதமாகிறது. ஒட்டியது மெஷின் அக்கா. ஒன்பது வருடமாக அந்த மெஷினை ஓட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அக்கா சொன்னால் சொன்னதுதான். பாடு மட்டும் மெஷினுக்குப் பேப்பர் போடுகிற அவனுக்கு.

கீழ் ட்ரே என்றால் ஒரு பெட்டி அட்டையை மொத்தமாக இறக்கிவிட்டு அக்கடா என்று உட்காரலாம். மேல் ட்ரே கொள்வதோ நூறு அட்டை. குடோன்காரர் மேசையில் வைத்துவிட்டுப் போகும் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறிவிட்டு, நூறு நூறாக வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மெஷின் அடுத்த நூறு கேட்டுக் கத்தும்.

"ஏன்க்கா, முன்னெல்லாம் கீழதானே போட்டோம்?"

"ரோலர் தேஞ்சிருக்குப்பா. கெட்டி அட்டையை இழுக்க மாட்டேங்குது."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?"

"வருவாரு, வருவாரு. நீ வை."

மச்சினி கல்யாணம் என்று அவன் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்த வாரம்தான் இந்தச் சீட்டு முளைத்தது. அன்றிலிருந்து ஓட்டம்தான். தன்னை இப்படி ஓடவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்ப்பதைக் காணக் காண அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று அவசர ஆர்டர். நாலாயிரம் புத்தக அட்டை, ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும். அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, இருபது அட்டையைக் கீழ் ட்ரேயில் வைத்து ஓட்டிப் பார்த்தான். இருபதும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன. இன்னும் முப்பது வைத்தான். ஒன்றுகூட மடங்கவில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனான்.

மேனேஜரே வந்து நூறு அட்டை ஓட்டினார். கை கழுவிய ஈரத்தோடு அக்கா வந்து நின்றபோது கடைசி அட்டை வெளியே வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? ட்ரே நல்லாத்தானே ஓடுது?"

அக்கா அவனை ஒரு தரம் பார்த்தாள்.

"ஓடுது சார்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சீட்டு? ஒரு மணி நேர வேலையை நாள் பூரா இழுக்கவா?"

"தப்புதான் சார்."

காரணம் சொல்வாள், சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இனிமே நீங்க பைண்டிங் மேசைக்குப் போங்க. மெஷினுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்." மேனேஜர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார். "உன்னை மாதிரி உண்மை பேசற ஆளுங்க நாலு பேர் இருந்தா போதும்பா. சரி, அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக் கீழ் ட்ரேல போடு. மளமளன்னு ஓடட்டும்."

மேனேஜர் போய்விட்டார். சுவரோரம் இருந்த பெட்டி இருபத்தைந்து கிலோ. அவன் உற்சாகமாகக் குனிந்து ஒரு தம் பிடித்தான்.

அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுரீரென்றது. கை தானாக அங்கே போனது.

மச்சினிக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. அவன் லீவு போட்டது குடலிறக்க ஆபரேஷனுக்கு. ஆறு மாதம் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. முதுகுவலி என்று சொன்ன பழைய ஆளை மேனேஜர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியது அவனுக்குத் தெரியும். வலி நின்றதும் ஆபரேஷன் அவனுக்கே மறந்துபோய்விட்டது. இரண்டு மாதமாக அவன் எதையும் தூக்கவே இல்லையே.

ஏன் தூக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அக்கா ஸ்டூலிலிருந்து தன் கண்ணாடியையும் பையையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... உங்களுக்கு எப்படி..."

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவன் எவனாவது இருமும்போது அடிவயித்தை அமுக்கிப் பிடிப்பானா? ஆபரேஷன் முடிஞ்சு என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருமினாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ மறைக்கிற விஷயத்தை நான் எப்படிப்பா கேக்கிறது?"

அவனுக்கு மேனேஜர் தட்டிய தோளைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பைண்டிங் மேசைப் பக்கம் நாலடி நடந்தவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெட்டியைத் தொடாதே. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள போய், கீழ் ட்ரே ஜாம் ஆகுதுன்னு சொல்லிடு."

"நானா?"

"நான் சொன்னா இனிமே எடுபடாது. நீ சொன்னா நம்புவாரு."